சோம்பேறிக்கு ஒரு வரன்

மார்ச் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்ததை நம் இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் மகனும் என் மகளும் புது வீட்டுக்குக் குடிபோனதைப் பார்க்க வந்தீர்கள். சந்தோஷம். எங்கள் வீட்டில் தங்கினீர்கள். அதுவும் சந்தோஷம். ஆனால் மாற்றுத் துணி ஒன்றுகூட இல்லாமல், ஒரு டப்பா நிறையக் கடல் சேற்றுப் பாக்டீரியாவோடு வந்து இறங்கினீர்கள். இருந்த நாள் முழுக்க என் வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட சட்டையில்தான் இருந்தீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை.

சட்டை போகட்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அங்கிருந்த உதவியாளரிடம் "நான் அம்மாவோட சம்பந்தி" என்று சொல்லி, உங்கள் பாக்டீரியாத் தட்டுகளை என் இன்குபேட்டரின் மேலடுக்கில் வைத்துவிட்டீர்கள். சம்பந்தி என்றால் வீட்டுக்குள் வரலாம். இன்குபேட்டருக்குள் வரலாமா? அந்தச் சூட்டில் உங்கள் தட்டுகள் வேர்த்து, தண்ணீர் சொட்டி, கீழடுக்கில் இருந்த என் சோம்பேறியின் தட்டுக்குள் இறங்கி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு முளைத்துவிட்டது.

சோம்பேறி என்று நான் செல்லமாகக் கூப்பிடுவது, ஒரு மலையடிவாரத்தில் பட்டுப்போன மரத்தின் வேரடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா. மற்றவை ஒரே நாளில் தட்டை நிறைத்துவிடும். இவள் மிளகு அளவு வளரவே மூன்று வாரம் எடுத்துக்கொள்வாள். இப்படி அபூர்வமாகவும் மெதுவாகவும் இருப்பவைதான் யாரும் பார்த்திராத மருந்துப் பொருளைச் சுரக்கும் என்று நம்பி இருபது வருஷமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். என் ஃப்ரீசர் நிறைய இவளுடைய சொந்தக்காரர்கள்தான். மே மாதத்துக்குள் உருப்படியாக ஒன்றாவது கண்டுபிடித்துக் காட்டாவிட்டால், அத்தனையையும் வேகவைத்துக் கொட்டிவிட்டு ஃப்ரீசர் இருக்கும் இடத்தில் காபி மெஷின் வைக்கப்போவதாக எங்கள் இயக்குநர் சொல்லியிருக்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேப் வைத்து அளந்துகொண்டு போயிருக்கிறார்.

அந்த எரிச்சலில்தான் மேசையில் "உங்க பாக்டீரியாவுக்கும் மரியாதை தெரியல, உங்களுக்கும் தெரியல" என்று சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டில் எதையும் திரும்பப் பெறுவதாக இல்லை. நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறிப் போனது உங்கள் விருப்பம். இனி எப்போது வந்தாலும் நல்வரவு. தட்டு மட்டும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தாயார்

*

மார்ச் 12

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தீர்கள். கையெழுத்து வாங்கிய தபால்காரர், "கோர்ட் நோட்டீஸா சார்?" என்று கேட்டார். "இல்லப்பா, சம்பந்தி வீட்டுலேர்ந்து" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதியதாகச் சொல்கிறீர்கள். நான் ஏன் தட்டுகளைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்தேன் என்று அங்கே யாராவது கேட்டீர்களா? எங்கள் ஆய்வுக்கூடத்துக் காவலாளி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மின்சாரச் சிக்கனம் என்று மேலிடத்து உத்தரவு. திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் பிள்ளைகள் ஆறி அவலாகிக் கிடக்கும். அதனால் எங்கே போனாலும் அவர்களும் என்னோடு வருவார்கள். கிளம்பும்போது என் மனைவியும் வாசலில் நின்று, "கிருமியை எடுத்துக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். துணியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடல் என்றாலே உங்களுக்கு இளக்காரம். "கடல் ஆராய்ச்சி பண்றவருக்குப் படகுல ஏறினா வாந்தி வருமாமே" என்று என் மருமகளிடமே சொல்லிச் சிரித்தீர்களாம். ஆமாம், வரும். அதனால்தான் கரையோரமாக நின்று சேறு எடுக்கிறேன். நங்கூரத்திலும் பாறை இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற பாக்டீரியாவுக்கு, நான் படகில் வந்தேனா நடந்து வந்தேனா என்பதெல்லாம் தெரியாது. பூமியில் முக்கால் பங்கு கடல். மீதிக் கால் பங்கைக் கிளறிக்கொண்டே இவ்வளவு பேச்சா?

பிள்ளைகள் முன்னால், வாயில் சாப்பாடு இருக்கும்போது, ஒரு மனுஷனைப் பார்த்து மரியாதை தெரியாது என்றால் அவன் எழுந்துதான் போவான். என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பாக்டீரியாவைச் சொன்னதுதான் மனசுக்குள் தைத்துவிட்டது. நான் வளர்த்தவை எல்லாம் ஒழுக்கமானவை.

சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் மாப்பிள்ளையின் தகப்பன்

பி.கு.: சட்டையில் மூன்றாவது பட்டன் இருக்காது. நான் போடும்போதே இல்லை.

*

ஏப்ரல் 2

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு நல்ல செய்தி. முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இயக்குநருக்குச் சொன்னேன், பிள்ளைகளுக்குச் சொன்னேன், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை உலுக்கிச் சொன்னேன், அப்புறம்தான் உங்களுக்கு.

நீங்கள் அசுத்தம் செய்த தட்டைக் கொட்டுவதற்குத்தான் தனியாக வைத்திருந்தேன். உதவியாளர் அது தெரியாமல் மற்றத் தட்டுகளோடு சேர்த்துச் சோதனைக்கு எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்துக்கும் மசியாமல் நோயாளிகளைப் படுத்தியெடுக்கும் கிருமி ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டு முழுக்கப் பூசிவிட்டு, நம் பாக்டீரியாவைச் சுற்றி அது வளர்கிறதா, சாகிறதா என்று பார்ப்பது. வழக்கமாக வளரும். இருபது வருஷமாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை மூடியைத் திறந்தால், சோம்பேறியைச் சுற்றித் துடைத்துவிட்டது போல ஒரு வளையம். அதற்குள் ஒரு கிருமி இல்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார்.

உங்கள் ஆரஞ்சுப் பொட்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அழுக்கையும் மீறி என் பெண் சாதித்திருக்கிறாள். அவளை மட்டும் கம்பி முனையில் தொட்டெடுத்துச் சுத்தமான புதுத் தட்டில் குடிவைத்தேன். மீதியை உங்கள் பொட்டோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொட்டினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவே கொட்டினேன்.

இயக்குநர் வந்து பார்த்தார். "ஒரு தடவை வந்தா போதாதும்மா. திரும்பச் செஞ்சு காட்டுங்க. ஜூன் பத்து வரைக்கும் காபி மெஷினைத் தள்ளி வைக்கிறேன்" என்றார். காட்டிவிட்டால் ஃப்ரீசர் பிழைத்துவிடும். காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
மருமகளின் தாயார்

பி.கு.: சட்டை வந்தது. பட்டன் இருந்தது என்பதில் என் வீட்டுக்காரர் உறுதியாக இருக்கிறார். நானும்தான்.

*

ஏப்ரல் 9

சம்பந்தி அம்மா,

வாழ்த்துகள். மனசார என்று சொல்ல வேண்டும். முக்கால் மனசாரச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அழுக்கு இருந்தபோது வளையம் வந்தது. அழுக்கைக் கொட்டிய பிறகும் வருகிறதா? கரையோரம் நின்று சேறு எடுப்பவன், சும்மா பேச்சு வாக்கில் கேட்கிறேன்.

மாப்பிள்ளையின் தகப்பன்

பி.கு.: பட்டன் இல்லை. என் மனைவி சாட்சி. அவள் அங்கே வரவில்லை என்றாலும் என் பக்கம்தான் சாட்சி சொல்வாள்.

*

ஏப்ரல் 28

சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் வீட்டில் சம்பந்தி அம்மாவும் நலமா? இங்கே வெயில் தாங்கவில்லை. கடற்காற்றுக்கு அங்கே பரவாயில்லை என்று நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. என் மகள் ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியிருக்கிறாள். பச்சை நிறம். நன்றாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வளையம் வரவில்லை.

சுத்தமான தட்டில் சோம்பேறி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கிருமி அவள் தலைமேல் ஏறி விளையாடுகிறது. சாப்பாட்டை மாற்றினேன். சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். இருட்டில் வைத்தேன், வெளிச்சத்தில் வைத்தேன். "பாட்டுப் போட்டுப் பாரேம்மா" என்றாள் என் மகள். அதையும் செய்தேன் என்பதை வெளியே சொல்ல வேண்டாம்.

நீங்கள் பேச்சு வாக்கில் ஒன்று கேட்டிருந்தீர்கள். அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஒருவேளை, ஒருவேளைதான் சொல்கிறேன், பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அவள் அந்தப் பொருளைச் சுரக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது. மண்ணில் அவள் தனியாகவா இருந்தாள்? எத்தனை ஜாதிக் கிருமி நடுவில் பிழைத்தவள். நான்தான் தனியறை கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ என்னவோ. அன்று சொட்டியது உங்கள் டப்பாவில் எது என்று தெரிந்தால், அதில் கொஞ்சம் அனுப்ப முடியுமா? தயவுசெய்து.

"தயவுசெய்து" என்பதை என் மகள் பக்கத்தில் நின்று எழுதச் சொன்னாள். "அம்மா, நீ மாமாவுக்கு லெட்டர் எழுதுறியா, இல்ல சம்மன் அனுப்புறியா?" என்கிறாள். எழுதிவிட்டேன். அதை அடித்து அழிக்கவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மே 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி சத்தமாக வாசித்தாள். "தயவுசெய்து" வந்த இடத்தில் நிறுத்தி, "இன்னொரு தடவை படிக்கட்டுமா?" என்றாள். படிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்தேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசமாட்டேன். அடுத்த கடிதம் வரையாவது.

சிக்கல் என்னவென்றால், அன்று என் டப்பாவில் இருந்த எல்லாமே ஆரஞ்சு. கடல் சேற்றில் அந்த நிறம்தான் மலிவு. சொட்டியது யார் என்று எனக்கே தெரியாது. இன்னொன்றும் புரியவில்லை. உங்கள் தட்டில் உப்பே கிடையாது. என் பிள்ளைகளை உப்பில்லாத தண்ணீரில் விட்டால் ஊதி வெடித்துப்போவார்கள். அங்கே விழுந்தும் ஒருவன் பிழைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறான் என்றால், அவன் லேசுப்பட்டவன் இல்லை.

உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானவர்களாகப் பொறுக்கி ஐந்து பேரை ஐஸ் பெட்டியில் அனுப்புகிறேன். எல்லாரும் நல்ல இடத்துப் பிள்ளைகள். ஒருவன் பவளப் பாறைப் பக்கம். இன்னொருவன் கடற்பாசியிலேயே பிறந்து வளர்ந்தவன், வம்பு தும்பு தெரியாது. ஒரே நிபந்தனை. தட்டில் ஊற்றும் அகாரைக் காய்ச்சும்போது பாதி உங்கள் தண்ணீர், பாதி கடல் தண்ணீர். கடல் தண்ணீரும் பெட்டியில் இருக்கிறது. பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

உங்கள் சம்பந்தி

*

மே 19

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய வரன்கள் வந்து சேர்ந்தார்கள். பார்த்தாயிற்று. விவரம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாதிக்குப் பாதி உப்புக்குச் சோம்பேறி முகம் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆனால் சாகவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

பவளப் பாறைப் பக்கத்து மாப்பிள்ளை வந்த அன்றே பாதி உப்பு போதாது என்று கரைந்துபோனார். அடுத்தவர் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், அவ்வளவுதான். மூன்றாமவரும் என் பெண்ணும் ஒரே தட்டில் பத்து நாள் இருந்தார்கள், முகத்தோடு முகம் பார்க்கவில்லை. நாலாமவர் அவளுக்குத் தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்து உபசாரம் செய்கிறார். அவள் இன்னும் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டாள். கடற்பாசிப் பிள்ளையை என்ன செய்தாள் என்று தெரியவில்லை, காணோம்.

யாரோடு வைத்தும் வளையம் இல்லை. எல்லாரும் தங்கமான பிள்ளைகள். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்குச் சாப்பிடும்போது, சண்டைக்கு முன்னால், மாப்பிள்ளை உங்களிடம் "அப்பா, அந்த அடாவடியையுமா தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். நீங்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பேச்சை மாற்றினீர்கள். என் மகளுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் அந்த அடாவடி?

காபி மெஷின் வந்து இறங்கிவிட்டது. பெட்டி பிரிக்காமல் ஃப்ரீசர் அறை வாசலிலேயே நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறேன். சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு குழாயும் எந்த மண், எந்த மழை, யார் தோண்டிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவ்வளவையும் ஒரு பகலில் வேகவைத்துவிடுவார்கள்.

சம்பந்தி

*

மே 23

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பிடித்துவிட்டீர்கள்.

அடாவடி என்று ஒருவன் இருக்கிறான். துருப்பிடித்த நங்கூரம் ஒன்றைக் கரையில் போட்டிருந்தார்கள், அதில் ஒட்டியிருந்த கறுப்புச் சேற்றிலிருந்து வந்தவன். உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. எந்தத் தட்டில் விட்டாலும் பக்கத்தில் இருப்பவனைத் தின்றுவிட்டுத்தான் மறுவேலை. என் கூடத்தில் அவனுக்கு அஞ்சாதவர்கள் இல்லை. ஒரு தடவை மூடி வழியாக இறங்கி வந்து ஒரு அடுக்கையே காலிசெய்தான். தனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அவனை நம்பி அங்கே விட்டுவிட்டு வர முடியாது என்றுதான் அன்று கையோடு கொண்டுவந்தேன்.

வரன் பார்க்கும்போது வீட்டுக்கு வீடு செய்வதைத்தான் நானும் செய்தேன். தலைதெறித்து அலைகிற பிள்ளையை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, வணக்கம் சொல்லத் தெரிந்த பிள்ளைகளை முன்னால் நிறுத்தினேன். நீங்கள் "மரியாதை தெரியல" என்று சொன்ன பிறகு இவனை எந்த முகத்தோடு அனுப்புவேன்? நீங்கள் சொன்னது சரிதான் என்று நானே ஐஸ் பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பிய மாதிரி ஆகிவிடாதா?

ஆனால் காபி மெஷின் பற்றிப் படித்த பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் மகனும் போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினான். "அப்பா, அவங்க இருபது வருஷம்பா அது. உங்க மானம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். நியாயம்தான்.

அனுப்பியிருக்கிறேன். மூடிக்கு மேல் மூடி போட்டு, டேப் சுற்றி வருகிறான். பார்த்துத் திறவுங்கள்.

உங்கள் சம்பந்தி

*

மே 31

சம்பந்தி அவர்களுக்கு,

வந்தான். பக்கத்தில் வைத்தேன். சோம்பேறியைத் தின்றுவிட்டான். மூன்று வாரம் வளர்ந்தவளை இரண்டே நாளில் முடித்துவிட்டான். தடயம்கூட இல்லை.

பயந்துபோய் அடுத்த தட்டுகளில் அவனை அந்தக் கோடியிலும் இவளை இந்தக் கோடியிலும் வைத்தேன். இருவரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வளையம் இல்லை. வளர்ந்த சோம்பேறி இனி மூன்றே தட்டுதான் மிச்சம். புதிதாக வளர்க்க நாள் இல்லை.

சொட்டு விழுந்த அன்று சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அது எந்த இடம் என்று நான் பார்த்துவைக்கவில்லை. சுரண்டிக் கொட்டுகிற அவசரத்தில் இருந்தேன். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சம்பந்தி

*

ஜூன் 2, கூரியரில்

சம்பந்தி அம்மா,

எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. அடுப்படியில் புலம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பி, "இதுல என்ன யோசனை? உங்க ரெண்டு பேரையும் எப்படி உக்கார வைப்போம்? பக்கத்துல வெச்சா சண்டை. வேற வேற ரூம்ல வெச்சா பேச்சே கிடையாது. எதிரெதிர வெச்சா மொறைச்சிக்கிட்டே சாப்பிடுவீங்க. அதே மாதிரி வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவள் பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நம்மை நன்றாகப் பார்த்திருக்கிறாள். அவன் வருகிற வாடை இவளுக்குத் தெரிய வேண்டும், கை மட்டும் எட்டக் கூடாது. ஒரு விரல் தள்ளி ஒரு தட்டு, இரண்டு விரல் தள்ளி ஒன்று, மூன்று விரல் தள்ளி ஒன்று. மூன்று தட்டு இருக்கிறதல்லவா? வையுங்கள்.

சம்பந்தி

*

ஜூன் 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டு விரல்!

ஒரு விரல் தள்ளி வைத்தவளைத் தின்றுவிட்டான். மூன்று விரலில் இருவரும் அந்நியர்கள். இரண்டு விரல் தள்ளி வைத்த தட்டில், அவன் தன் கரையிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டு வருகிறான், இவள் தன் கரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளைச் சுற்றி வளையம். முதல் தடவையைவிடப் பெரிய வளையம். அடாவடி அந்த எல்லையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறான். ஆஸ்பத்திரிக் கிருமியோ வந்த சுவடே இல்லை.

அவள் சோம்பேறியே இல்லை, சம்பந்தி. யாரும் வம்புக்கு வராதபோது எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இருந்திருக்கிறாள். நானும் இத்தனை வருஷமாக ஒவ்வொருத்தியையும் தனித் தட்டில், தனி மூடி போட்டு, காற்றுப் படாமல் வளர்த்துவிட்டு, ஒன்றும் சுரக்கவில்லையே என்று அழுதுகொண்டிருந்தேன். நம் வீட்டு நல்ல பிள்ளைகள் ஐந்து பேரை வைத்து ஒன்றும் நடக்கவில்லை. உங்கள் ரவுடிப் பயல் வந்த பிறகுதான் நடந்தது.

நேற்று இயக்குநர் வந்தார். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இது என்ன உப்பு வாடை?" என்றார். "எங்க சம்பந்தி வீட்டுத் தண்ணி சார்" என்றேன். வளையத்திலிருந்து எடுத்ததைப் பிரித்துப் பார்த்த வேதியியல்காரர், தனக்குத் தெரிந்த எந்தப் பொருளோடும் இது ஒத்துப்போகவில்லை என்கிறார். மருந்தாக ஆகுமா, ஆக எத்தனை வருஷம் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. எலிக்குக்கூட இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் ஃப்ரீசர் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களும் இருக்கிறார்கள். காபி மெஷினை இயக்குநர் தன் அறையிலேயே வைத்துக்கொண்டார். இப்போது அவருக்குத்தான் உள்ளே போக வழியில்லை.

அவர் போன பிறகு ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று கொஞ்சம் அழுதேன். உதவியாளர் பார்த்துவிட்டு, "குளிர் போயிடும்மா, மூடுங்க" என்றார். மூடினேன்.

அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். உங்களைப் பற்றிய பாதியை. உங்கள் பாக்டீரியாவுக்கு மரியாதை தெரியாது என்பதில் மாற்றமில்லை. கடவுள் புண்ணியத்தில் அது தெரியாமலே இருக்கட்டும்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஜூன் 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. என் மனைவிதான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தபால்காரரிடமும் சொல்லிவிட்டாள். "அப்போ நோட்டீஸ் வாபஸா?" என்று கேட்டாராம். அடாவடியின் அலமாரிப் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். பயல் செய்ததற்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று என் மகன் கேட்கிறான். சுரந்தது உங்கள் பெண். உங்கள் பெயரே முதலில் இருக்கட்டும். "கடல் ஆய்வாளர்" என்று என் பெயரோடு போடும்போது படகு விஷயத்தை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். பொருளுக்குப் பெயர் வைப்பதை நேரில் பேசிக்கொள்ளலாம், அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வருகிற சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வருகிறேன். உங்கள் வீட்டில்தான் தங்குவேன். முதல் கடிதத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டபடி தட்டு எதுவும் கொண்டுவரமாட்டேன். சத்தியம்.

அன்புடன்,
சம்பந்தி

*

ஜூன் 19

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தட்டு இல்லாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.

உங்கள் அலமாரியில் அடங்காதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். நல்ல பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், காவலாளி பார்த்துக்கொள்ளட்டும். என் ஃப்ரீசரில் இன்னும் எத்தனையோ சோம்பேறிகள் காத்திருக்கிறார்கள். இன்குபேட்டரின் மேலடுக்கை உங்களுக்காகக் காலிசெய்து, "சம்பந்தி" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உதவியாளரிடமும் சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். போன தடவை பாதியில் எழுந்துவிட்டீர்கள், மீதிப் பாதி இன்னும் இங்கேதான் இருக்கிறது. மேசையில் நம்மை எதிரெதிரே உட்கார வைக்கும்படி என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். சம்பந்தி அம்மாவையும் கட்டாயம் அழைத்துவாருங்கள். எவ்வளவு தள்ளி என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

துணி எடுத்துவர மறந்தால் கவலையில்லை. நீலக் கட்டச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். துவைப்பதற்கு முன் ஒரு பழைய கல்யாணப் படத்தில் என் வீட்டுக்காரர் அதே சட்டையில் நிற்பதைப் பார்த்தேன். அதிலும் மூன்றாவது பட்டன் இல்லை. புதிது ஒன்று தைத்துவிட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
சம்பந்தி